மாராத்தாள் சொல்லாதது

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுத்தேன். நேற்றே தண்ணீர் இறங்காமல் நின்றிருந்தது. கையை உள்ளே விட்டால் ஊறிப்போன சோறு, டீத்தூள், ஒரு கற்றைத் தலைமுடி. வீட்டில் நீள முடி எனக்கு மட்டும்தான் என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை. சம்பத் நிலைப்படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, பிளம்பரைக் கூப்பிட்டிருக்கலாமே என்றார். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் அந்த வாடை போகவில்லை. அதோடுதான் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து ஏறினேன்.

கீழ்த்தளத்தில் பழைய பருவ இதழ்கள் இருந்த இடத்தைக் காலி செய்து 'பேசும் நூலகம்' அரங்கை அமைத்திருக்கிறார்கள். ஆளுயரத் திரை, கறுப்புத் திரைச்சீலை, மெத்தை வைத்த நாற்காலிகள். அந்த இதழ்கள் இப்போது ஜெனரேட்டர் அறையில் கிடக்கின்றன. இயக்குநர் திருமூர்த்தி சார் என்னை முன்னால் உட்காரவைத்து, "உங்க குழந்தை, நீங்கதான் மொதல்ல பாக்கணும்" என்றார்.

என் குழந்தை என்று அவர் சொன்னது மாராத்தாள் அம்மாவை. நான்கு வருடம் முன்பு பஞ்சாலையில் வேலை பார்த்த பெண்களின் பேச்சை நூலகத்துக்காகப் பதிவு செய்யத் தொடங்கினோம். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பெருந்துறை, ஊத்துக்குளிப் பக்கமெல்லாம் அலைந்தது நான்தான். அதில் நன்றாகப் பேசியவர் மாராத்தாள். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அவர் பதிவுகளையும் ஒரு புகைப்படத்தையும் ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் கொடுத்து, நாம் கேள்வி கேட்டால் அவர் குரலிலேயே புதிதாகப் பதில் சொல்லும் உருவம் ஒன்றைச் செய்திருக்கிறார்கள்.

திரை ஒளிர்ந்தது. "வா கண்ணு, நல்லா இருக்கறயா?"

அந்தக் குரலேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவில்லை. பிறகு அவர் சிரித்தார். வாய் நிறைய, வரிசையாக, வெள்ளை வெளேரென்று பற்கள்.

மாராத்தாளுக்கு முன்பல் ஐந்தாறு கிடையாது. சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். படத்தில் வாய் மூடியிருந்ததால் இயந்திரம் தானாகவே பல் கட்டிவிட்டது. அந்தப் பற்களிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சார் கைதட்டினார். நானும் தட்டினேன்.

பிப்ரவரி 4, புதன்

இருபத்து நான்காம் தேதி திறப்பு விழா. துணைவேந்தர் வருகிறார். அன்றே 'பல்கலைக்கழக நூலகங்களில் செயற்கை நுண்ணறிவின் பொறுப்பான பயன்பாடு' என்று ஒரு கருத்தரங்கு. அடுத்த மாதம் தரமதிப்பீட்டுக் குழு வருவதற்குள் இரண்டையும் காட்டியாக வேண்டும். ஒருங்கிணைப்பாளர் நான். என் துணை நூலகர் பதவி உயர்வுக் கோப்பு சாரின் மேசையில் இருக்கிறது. விழா முடியட்டும் என்றிருக்கிறார்.

அவருடைய தொடக்க உரையைப் பிழை திருத்தக் கொடுத்தார். பிழையே இல்லை. அதுதான் சந்தேகம். "பொறுப்பு என்பது ஒரு சேருமிடம் அல்ல, அது ஒரு பயணம்" என்று தொடங்குகிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரு நூலக அறிஞரின் மேற்கோள். தேடினேன். அப்படி ஒரு அறிஞர் எங்கும் இல்லை. சாரிடம் சொன்னேன். பெயரை எடுத்துவிட்டு 'அறிஞர் ஒருவர்' என்று போடச் சொன்னார். போட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மாராத்தாளின் மகள் கலாமணியிடம் கையெழுத்து வாங்கப் போனேன். அவர் அம்மா நான்கு வருடம் முன்பு என்னிடம் சம்மதித்தது, படிக்க வருகிறவர்கள் கேட்கலாம் என்பதற்கு மட்டும். திரையில் பேசவைக்க மகளின் சம்மதம் வேண்டுமென்று சட்டப் பிரிவு சொல்லிவிட்டது. உருவத்தைச் செய்து முடித்தபின் சம்மதம். நம் ஊரில் எல்லாமே இப்படித்தான், கட்டடம் எழும்பியபின் வரைபடம்.

கலாமணிக்கு என் வயதுதான் இருக்கும். பதிவுக்குப் போன நாளில் அவளோடு அதிகம் பேசியதில்லை. கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். வீட்டில் பனியன் துணிக்குப் பிசிறு வெட்டும் வேலை. கூடம் முழுக்க வெள்ளைத் துணிக் குவியல். குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்த வயதான பெண்ணைச் சின்னம்மா என்று அறிமுகப்படுத்தினாள். மாராத்தாளின் தங்கை ராமாத்தாள். அக்கா தங்கை இருவரும் ஒரே மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள், பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பேச்சே இல்லை. அக்கா செத்தபின், போக்கிடம் இல்லாமல் இருந்த சின்னம்மாவைக் கலாமணி கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். "அம்மா கோவத்த நான் எதுக்குங் தூக்கிச் சுமக்கோணும்?" என்றாள். அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கையெழுத்துப் போடுமுன் ஒன்றே ஒன்று கேட்டாள். "மேடம், அது எங்கம்மா சொல்லாததச் சொல்லாதுங்கள்ல?"

உங்கம்மா என்னிடம் சொன்னதைத்தான் சொல்லும், வேறெதுவும் சொல்லாது என்றேன். விழா அழைப்பிதழிலும் அதே வாக்கியம்தான் இருக்கிறது. நான் எழுதியதுதான். நிறுவனத்தார் சொன்னதை வைத்து எழுதினேன்.

கருப்பட்டிக் காபி கொடுத்தார்கள். நல்ல காபி.

பிப்ரவரி 9, திங்கள்

கலாமணி அரங்குக்கு வந்தாள். புதுச்சேலை, தலையில் பூ. திரை ஒளிர்ந்து "வா கண்ணு" என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். எனக்கு முதுகு கூசியது.

சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, என் கால்வலி எப்படி இருக்கிறது தெரியுமா என்று அது கேட்டது. அவள் அழுதுகொண்டே பதில் சொன்னாள். பல்லைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்தபின் மட்டும், "பல்லுக் கட்டிக்கோணும்னு அம்மாளுக்கு ரொம்ப ஆசைங். நாந்தான் தள்ளிப்போட்டுட்டே வந்துட்டேன்" என்றாள்.

இதற்கு நான் என்ன நினைப்பது? எனக்குக் குமட்டுகிற ஒன்று அவளுக்குப் பிரசாதமாக இருக்கிறது. மறுபடி வரலாமா என்று கேட்டாள். வரலாம் என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சம்பத்தின் அலுவலகத்தில் ஒருவரின் தாயார் இறந்துவிட்டாராம். இரங்கல் செய்தியைக் கைபேசியில் இயந்திரத்தை எழுதச் சொல்லி, எனக்கு வாசித்துக் காட்டினார். "நல்லா இருக்குல்ல?" நன்றாகத்தான் இருந்தது. அதை வாசித்துக்கொண்டே முறுக்குத் தின்றார்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

கலாமணி மதியம் வந்தாள். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. நிறுவனத்தின் பொறுப்பாளர் ஹரிணியும் நானும் பின்வரிசையில் இருந்தோம். கலாமணி வழக்கம்போலச் சமையல், மாத்திரை எல்லாம் பேசிவிட்டு, சற்று நேரம் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, அன்னிக்கு மில்லுல யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. மில்லில் பெண்கள் சேர்ந்து வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள், யாருக்கும் தெரியாமல் ஒருத்தி வீட்டில் கூடிக் கூடிப் பேசினார்கள். யாரோ உள்ளே இருந்தே பெயர்களை நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை கேட்டிலேயே அத்தனை பேரையும் நிறுத்திவிட்டார்கள். அதில் சரசு என்றொரு பெண் அந்த மாதமே கிணற்றில் கிடந்தாள். வேலை போகாமல் தப்பியது அக்கா தங்கை இருவர்தான். கொஞ்ச நாளில் மாராத்தாள் தானாகவே வேலையை விட்டுவிட்டார். ராமாத்தாள் மட்டும் தொடர்ந்து போனார்.

இது அத்தனையும் பதிவில் இருக்கிறது. யார் சொன்னது என்பது மட்டும் இல்லை.

திரையில் இருந்தது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதே இளகிய குரலில் சொன்னது: "என்ற கூடப் பொறந்தவதான் கண்ணு. அவளத் தவிர ஆருக்கு அது தெரியும்? அதான் சாகற வரைக்கும் அவ மூஞ்சில நான் முழிக்கல."

கலாமணி எழுந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன், அதற்குள் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தபோது காலி நாற்காலியைப் பார்த்து அது கேட்டுக்கொண்டிருந்தது: "வேற ஏதாச்சும் கேளு கண்ணு." பல் தெரிய.

ஹரிணி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி, எமோஷனல் ரெஸ்பான்ஸ் பிரமாதம் என்றாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

மூலப் பதிவை எடுத்துக் கேட்டேன். அதே கேள்வியை அன்று நான் கேட்டிருக்கிறேன். என் குரல் எவ்வளவு ஆர்வமாக இருக்கிறது. பிறகு நீண்ட மௌனம். மின்விசிறி கிறீச்சிடுகிறது. தெருவில் உப்புக்காரர் கூவிக்கொண்டு போகிறார். மாராத்தாள் ஒருமுறை மூச்சை இழுத்துவிடுவது கேட்கிறது. கடைசியில், "அத நிறுத்து கண்ணு" என்கிறார். பதிவு அங்கே நிற்கிறது.

நிறுத்தியபின் அவர் என்னிடம் பேசினார். பேசி முடித்ததும் என் கையைப் பிடித்து, "இது உன்னோட போகட்டும்" என்றார். நான் சரி என்றேன். அதை இங்கேயும் எழுதப் போவதில்லை.

இயந்திரத்துக்குக் கொடுத்த பிரதியில் அந்த மௌனம் இல்லை. சுத்தம் செய்யும்போது பேச்சில்லாத இடங்களையெல்லாம் வெட்டிவிட்டார்களாம். அது இரைச்சலாம். ஹரிணியிடம் கேட்டேன்: தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லவோ பேசாமல் இருக்கவோ அதற்குக் கற்றுக்கொடுக்க முடியாதா? முடியும் என்றாள். ஆரம்பத்தில் அப்படித்தான் வைத்திருந்தார்களாம். "சும்மா சும்மா 'தெரியல கண்ணு, தெரியல கண்ணு'ன்னுச்சு மேம். டெமோல செத்துப்போயிடும். உங்க சார்தான் மாத்தச் சொன்னார்." அவள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கேட்டதைச் செய்திருக்கிறாள்.

சாரிடம் போனேன். எந்தப் பதில் பதிவிலிருந்து வந்தது, எது அதுவாகக் கட்டியது என்று தெரியாதபோது 'சொன்னதை மட்டும்தான் சொல்லும்' என்று எப்படி அச்சடிக்க முடியும் என்றேன். அவர் சிரித்தார். "நீங்க எழுதுனதுதானுங்களே மேடம்."

பிப்ரவரி 14, சனி

விடுமுறைதான், ஆனாலும் போனேன். காவலரிடம் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஒருமுறை மேஸ்திரி என்றது. மறுமுறை தங்கச்சி. இன்னொரு முறை, கிணற்றில் செத்த சரசுவே காட்டிக்கொடுத்தாள் என்றது, "பாவம், வயித்துப் பொழப்பு" என்று ஒரு பெருமூச்சோடு.

கைபேசியில் பதிவு செய்துகொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். செத்தவளின் பிணத்தின் மேல் இதையும் ஏற்றிவிட்டு, அடுத்த கேள்விக்குத் தயாராகச் சிரிக்கிறது. 

வரும் வழியில் தக்காளி, சம்பத்தின் சட்டைக்குப் பொத்தான்.

பிப்ரவரி 16, திங்கள்

அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கலாமணி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பிசிறு வெட்ட ஒரே ஒரு பாய்தான் விரித்திருந்தது. ராமாத்தாள் கொல்லைப்பக்கம் குளியலறைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. காங்கேயம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லியிருக்கிறதாம். கலாமணியின் வீட்டுக்காரர் லோடு முடித்து அடுத்த வாரம் செவ்வாய் ராத்திரி வருவார், புதன்கிழமை கொண்டுபோய் விடுவார். அதாவது இருபத்தைந்தாம் தேதி.

கலாமணியிடம் கைபேசிப் பதிவைப் போட்டுக்காட்டினேன். மூன்று பதிலையும். அது உங்கம்மா இல்லை, வாய்க்கு வந்ததைச் சொல்கிறது என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

"மேடம், நா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாலு வருசத்துக்கு முன்னால அம்மா பேச்சப் பதிய நீங்க வூட்டுக்கு வந்தப்ப நாந்தான் காபி வெக்க உள்ள போனேன். திரும்பி வந்தப்ப பொட்டிய நிறுத்திப்போட்டு ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தீங்க. அம்மா அழுதுட்டு இருந்துச்சு. என்னையப் பாத்ததும் பேச்ச மாத்திப்போட்டீங்க."

வெட்டி முடித்த துணியைக் குவியலில் போட்டாள்.

"அம்மா உங்ககிட்டத்தான் சொல்லுச்சு. நீங்க அத மிசின்ல போட்டுட்டீங்க. இப்ப சங்கடமாப் போச்சுன்னு மாத்தி மாத்திச் சொல்ல வெச்சுக் கொண்டாந்து காட்டறீங்க. அது எங்கம்மா சொன்னதத்தான் சொல்லும்னு நீங்கதான இதே எடத்துல உக்காந்து சொன்னீங்க?"

நான் அப்படி எதையும் இயந்திரத்துக்குக் கொடுக்கவில்லை என்றேன். அப்படியானால் அம்மா என்ன சொன்னது, சொல்லுங்கள் என்றாள். என் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"முப்பது வருசமா எங்கம்மா கோவத்துல தப்பிருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன் மேடம். அவளக் கூட்டியாந்து எங்கம்மா படுத்த கட்டல்லயே படுக்கப் போட்டேன்" என்றாள். அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் ராமாத்தாள் கூட வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மெதுவாக நடப்பவர், நானும் மெதுவாக நடந்தேன். நீங்களாவது அவளிடம் சொல்லக்கூடாதா, நீங்கள் இல்லையென்று உங்களுக்குத் தெரியுமே என்றேன். அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "அக்கா உங்ககிட்ட எல்லாஞ் சொல்லிப்போட்டாளாக்கும்?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எல்லாத்துப் பேரும் போச்சு, எம் பேரு மட்டும் ஏன் போகலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அம்மிணி. அப்படிப் பொழைக்க வேண்டாம்னு அக்கா மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். அதோட சரி. ஊருக்குள்ள எம்மேல காறித் துப்புனாங்க. தொடச்சுட்டுப் போயிட்டேன். இப்ப இந்தப் புள்ள துப்பறா. அதுக்காவ, செத்தவள எழுப்பி நிக்க வெக்கறதா?"

அந்த இல்லத்தில் உங்களுக்கு யாரையும் தெரியாதே என்றேன்.

"தெரியாதுதா. ஆனா அதுக்குன்னு கலாமணிகிட்டப் போயி எதையும் சொல்லிப்போடாதீங்க. அந்தப் புள்ளைக்கு இருக்கறது ஒரு அம்மா."

சொல்லமாட்டேன் என்றேன். பேருந்து வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தபோது அவர் திரும்பி நடந்துகொண்டிருந்தார், எந்த வீட்டிலிருந்து புதன்கிழமை போக வேண்டுமோ அந்த வீட்டை நோக்கி.

பிப்ரவரி 18, புதன்

சாரிடம் நேராகக் கேட்டுவிட்டேன். மாராத்தாள் உருவத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பதிவில் இல்லாததற்குப் பேசாமல் இருக்கச் செய்யுங்கள், அந்தக் குடும்பத்தில் ஒரு வயதான பெண் வீதிக்கு வரப்போகிறார் என்றேன்.

முழுவதும் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். வருத்தப்பட்டார், உச்சுக்கொட்டினார், குடும்பத் தகராறில் நூலகம் தலையிட முடியாதே என்றார். திரையின் அடியில் 'பதில்கள் மாறுபடலாம்' என்று ஒரு வரி போட்டுவிடலாம் என்றார். எவ்வளவு பெரிய எழுத்தில் என்று கேட்டேன். டிசைன் கெடாதபடி என்றார்.

பிறகு விழா நிரலை எடுத்துக் கொடுத்தார். துணைவேந்தர் முன்னிலையில் செயல்விளக்கம் நான்தான் செய்ய வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகளை அச்சடித்திருந்தார்கள். மில்லில் சாப்பாடு எப்படி, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள். "இத விட்டு வெளிய போகாதீங்க. அடுத்த வாரமே உங்க ஃபைல் மேல போயிடும்." தட்டிக்கொடுப்பதுபோலத்தான் சொன்னார்.

பிப்ரவரி 19, வியாழன்

கலாமணி போனை எடுக்கவில்லை. காலை, மதியம், மாலை. அரங்குக்கு வந்து ஒருமுறை நீயே கேட்டுப் பார் என்று செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: "நீங்க அதுக்குள்ள மாத்தி வெச்சிருப்பீங்க மேடம். விழாவுக்கு மட்டும் வர்றேன். எங்கம்மாவுக்காக."

விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். முன்வரிசை, துணைவேந்தரின் மனைவிக்குப் பக்கத்தில்.

பிப்ரவரி 20, வெள்ளி

கருத்தரங்குக்கு வந்திருக்கும் கட்டுரைகளைப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே அச்சு. எல்லாவற்றிலும் வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல், மனித மேற்பார்வை. அந்த மனிதர் யார், எந்த மேசையில் உட்கார்ந்து எதை மேற்பார்க்கிறார் என்று ஒருவரும் எழுதவில்லை. இங்கே அது நான்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

துணி துவைத்தேன். பெட்ஷீட்டுகளை உலர்த்தும்போது ஒன்று தோன்றியது. அப்படியே ஈரக்கையோடு நின்றேன்.

இத்தனை நாளும் நான் அந்த ஒரு கேள்வியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கான உண்மை கலாமணிக்குத் தெரியாது. அதனால் எந்தப் பதிலைப் பொய்யென்றாலும் உண்மை எதுவென்று என்னிடம்தான் திரும்பி வருவாள். நான் சொல்லக்கூடாது. உண்மை அவளுக்கே தெரிந்த ஒன்றைக் கேட்டால்?

சம்பத்திடம் நூலகத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். அரங்கில் உட்கார்ந்து கேட்டேன்: "உங்க பையன் எப்படிம்மா இருக்கான்?"

மாராத்தாளுக்குக் கலாமணி ஒரே பெண். பையன் கிடையாது.

"அவனுக்கென்ன கண்ணு, மகராசனா இருக்கறான். கரூர்ல பஸ் பாடி கட்டற கம்பெனில வேலை. மாசம் தவறாம வந்து பாத்துட்டுப் போவான். புள்ளையாட்டப் பாக்கறவன் அவன்தான். பொட்டப்புள்ளைக்கு ஏது நேரம்?"

கடைசி வாக்கியத்தை நான் கேட்கவில்லை. அதுவாகச் சேர்த்துக்கொண்டது. படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு நாலு வருடம் மலஜலம் எடுத்தவள் கலாமணி. நான் பதிவுக்குப் போன நாளிலேயே அந்த வீட்டுக் கொல்லையில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்திருக்கிறேன்.

திரையை அணைத்தேன். இருட்டிலும் அந்தப் பற்கள் கொஞ்ச நேரம் தெரிந்தன. கண்ணின் கோளாறுதான்.

பிப்ரவரி 23, திங்கள்

நாள் முழுக்க விழா வேலை. பூங்கொத்து, குத்துவிளக்குக்கு எண்ணெய், துணைவேந்தருக்குச் சர்க்கரை இல்லாத காபி. பதாகையில் சாரின் படம் என்னைவிட உயரம். 'பதில்கள் மாறுபடலாம்' என்ற வரியைத் தேடினேன். திரையின் சட்டத்துக்குக் கீழே, குனிந்தால் தெரிகிறது. ஒத்திகையில் அச்சடித்த கேள்விகளைக் கேட்டேன். அது நன்றாகப் பதில் சொன்னது. பொன்னாடைப் பொட்டலத்தைப் பிரித்து மடிப்பு நீவி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று சம்பத் கேட்டார். தலைவலி என்றேன். நாளைக்கு எந்தப் புடவை என்றார். பச்சை என்றேன்.

நாளை நடக்கப்போவது எனக்குத் தெரியும். துணைவேந்தரின் முகம், சாரின் முகம், பத்திரிகைக்காரர்கள். என் கோப்பு. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கலாமணி பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அம்மாவின் வாயிலிருந்து அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்பாள், அல்லது அதைவிட மோசமான ஒன்றை. அத்தனை பேர் நடுவில். இந்த இரண்டு வாரமாக அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்த அம்மா அந்த நிமிடத்தோடு போய்விடுவாள். அவளிடம் முன்கூட்டிச் சொல்லவும் முடியாது, சொன்னால் நான் மாற்றிவைத்தேன் என்றுதான் நினைப்பாள். என்னை மன்னிக்கமாட்டாள். மன்னிக்கவும் வேண்டாம்.

ராமாத்தாளுக்குக் கொடுத்த வாக்கும் மாராத்தாளுக்குக் கொடுத்த வாக்கும் அப்படியே இருக்கும். அதுமட்டும் என்னால் முடியும்.

அச்சடித்த கேள்விகளில் இரண்டைக் கேட்பேன். சாப்பாடு, முதல் சம்பளம். கைதட்டுவார்கள். அதன்பின் மைக்கைக் கீழே வைக்காமல், கலாமணியின் முகத்தைப் பார்த்தபடி, மாராத்தாளின் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்கப்போகிறேன்.